புரோலாக்டின் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்துருச்சா? அக்கா சொல்றதைக் கேளு

ரத்தப் பரிசோதனையில புரோலாக்டின் ஜாஸ்தி, தைராய்டு குறைவுன்னு வந்திருக்கா கண்ணு? நல்லதாப் போச்சு. ஜாதகத்துல, குலதெய்வக் குத்தத்துல, வாசக்கால் வெச்ச திசையிலன்னு வருசக்கணக்கா எல்லாரும் தேடிட்டு இருந்த காரணம், உன் கழுத்துலயும் மூளைக்கு அடியிலயும் இருக்கற ரெண்டு சுரப்பியில இருந்திருக்கு. ரெண்டுக்கும் மாத்திரை இருக்கு. ஆனா சீட்டு எழுதி வாங்கிட்டு வந்ததோட வேலை முடிஞ்சுதுன்னு இருந்துடாத. மாத்திரையை எப்படிச் சாப்பிடறது, டெஸ்ட்டை எப்ப எடுக்கறது, எதை டாக்டர்கிட்டச் சொல்றது, எதை ஒரம்பரைகிட்டச் சொல்லாம இருக்கறது, இதுலதான் காரியம் கெடறதும் நடக்கறதும்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்க. நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்துல பொறந்து வளர்ந்தவளுக்குக் கோழியை வெச்சுச் சொன்னாத்தான் சட்டுனு புரியும். பண்ணையில விடியறதுக்கு முன்னாடியும் பொழுது போன பிறகும் லைட் போட்டு வெச்சிருப்பாங்களே, எதுக்கு? நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் பட்டாத்தான் கோழியோட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை உருவாக்கச் சொல்லி சினைப்பைக்கு ஆள் அனுப்பிட்டே இருக்கும். நமக்கும் அதே பிட்யூட்டரிதான், அதே வேலைதான். இப்ப வீட்டு நாட்டுக்கோழியை நெனச்சுப் பாரு. அவயத்துல உக்காந்துருச்சுன்னா முட்டை போடறதை நிறுத்திரும் இல்லையா? அந்த நேரத்துல அதோட ரத்தத்துல ஏறி நிக்கறது இதே புரோலாக்டின்தான். பண்ணை வெள்ளைக்கோழி அவயத்துக்கு உக்காராத மாதிரி தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்த ஜாதி, அதனாலதான் வருசத்துக்கு 300 முட்டை போடுது.

குழந்தை பெத்தவளுக்குப் பால் குடுக்கற காலத்துல புரோலாக்டின் ஏறி நிக்கறது இயற்கை. பால் சுரக்க வைக்கறதும் அதுதான், அடுத்த முட்டை வெடிக்காமத் தள்ளிப் போடறதும் அதுதான். குழந்தையே இல்லாதப்ப அது ஏறி நின்னா, கைக்குழந்தை இருக்குன்னு உடம்பு நெனச்சுக்கிட்டு முட்டையை நிறுத்தி வெச்சுரும். தூரம் தள்ளித் தள்ளி வரும், சிலருக்கு வராமலே நின்னுரும். முட்டை இருக்கு, சினைப்பை இருக்கு, கர்ப்பப்பை இருக்கு. உத்தரவு மட்டும் வரல. உன்னை யாராவது அந்த மூணெழுத்து வார்த்தையால கூப்பிட்டா, அவங்களுக்கு இதை விளக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, உனக்குத் தெரிஞ்சாப் போதும்.

நம்ம மாவட்டத்துல இந்தப் பேச்சு எடுத்தா பெருமாள்முருகனோட ‘மாதொருபாகன்’ ஞாபகம் வராம இருக்காது. 2010-ல வந்த நாவல். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் குழந்தை இல்ல. திருச்செங்கோட்டு மலையில வறடிக்கல்லைச் சுத்தறது வரைக்கும் எல்லாம் செஞ்சு பார்ப்பாங்க. கதை நடக்கறது வெள்ளைக்காரன் காலத்துல. அன்னிக்குப் பொன்னாவுக்கு இருந்தது இதே குறையா இருந்திருந்தாக்கூட எந்த டாக்டராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. புரோலாக்டின்ங்கற பேரே 1930-கள்ல அமெரிக்காவுல ஆஸ்கர் ரிடில் குழு புறாவை வெச்சு ஆராய்ச்சி பண்ணினப்ப வெச்சது. மனுசங்க ரத்தத்துல அதைத் தனியாப் பிரிச்சு அளக்கற வழி வந்தது 1970-களோட தொடக்கத்துலதான். உனக்கு ஒரு சின்ன டியூப் ரத்தத்துல தெரிஞ்சிருக்கு. மலைக்குப் போறதுன்னா போ, நான் தடுக்கல. காலையில மாத்திரையைப் போட்டுட்டுப் போ.

இவ்வளவு லேட்டா ஏன் தெரிஞ்சுதுன்னு உனக்கு ஆத்திரம் இருக்கும். இருக்கட்டும், நியாயந்தான். தூரம் தள்ளிப்போற எல்லாப் பொண்ணுங்களுக்கும் ‘நீர்க்கட்டி’ன்னு ஒரே பேரைச் சொல்லி அனுப்பற பழக்கம் பெருகிப்போச்சு. நீர்க்கட்டின்னு முடிவு பண்றதுக்கு 2003-ல ரோட்டர்டாம்ல டாக்டர்கள் கூடி வகுத்த விதியே, தைராய்டும் புரோலாக்டினும் காரணமில்லன்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும்னு சொல்லுது. இந்த ரெண்டு டெஸ்ட்டும் எடுக்காம ஸ்கேனை மட்டும் பார்த்து யாராவது உனக்கோ உன் நாத்தனாருக்கோ நீர்க்கட்டின்னு சொன்னா, “தைராய்டு, புரோலாக்டின் பார்த்தாச்சுங்களா டாக்டர்?”னு கேக்கச் சொல்லு. கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணுமில்ல. உண்மையிலேயே நீர்க்கட்டி இருக்கறவங்களுக்குக்கூட அந்தப் பேர் கிடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருது. 2017-ல வந்த ஒரு ஆய்வுல 1,385 பெண்கள்கிட்டக் கேட்டாங்க. கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூணு டாக்டரையோ அதுக்கு மேலயோ பார்த்திருக்காங்க, மூணுல ஒருத்தருக்கு ரெண்டு வருசத்துக்கு மேல ஆகியிருக்கு. அவங்கள்ல பெரும்பாலானவங்க அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்க.

ரத்தம் குடுக்கப் போறப்ப

புரோலாக்டின் ரொம்ப ரோஷக்கார ஹார்மோன். தூங்கறப்ப ஏறும், பயந்தா ஏறும், ஓடினா ஏறும், மார்பைத் தொட்டுப் பரிசோதிச்சா ஏறும், ராத்திரி புருசன் பொண்டாட்டி சேர்ந்திருந்தாலும் ஏறும். அதனால எழுந்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு, பத்து பத்தரை வாக்குல குடுக்கறது நல்லது. காலையில சமையலை முடிச்சு, பஸ்ஸைத் துரத்திப் புடிச்சு, நாமக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே போயி, இறங்கின வேகத்துல கையை நீட்டாத. லேப்ல அரை மணி நேரம் சும்மா உக்காரு. ஊசின்னா பயம்னா அதைச் சொல்லு, சில இடத்துல ஊசியைக் குத்தி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. லேசா ஏறியிருந்தா இன்னொரு தடவை பார்க்காம யாரும் மருந்து ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்தது ரொம்ப முக்கியம். நீ சாப்பிடற கேஸ் மாத்திரை. நம்ம ஊர்ல நெஞ்சு கரிச்சாலும் வயிறு உப்பினாலும் மெடிக்கல்ல போயி, பேருக்குப் பின்னால ‘டி’ போட்ட காப்ஸ்யூலை வாங்கி முழுங்கறது வழக்கமாப் போச்சு. அந்த ‘டி’ங்கறது டோம்பெரிடோன். அது புரோலாக்டினை ஏத்தி விடும். வாந்திக்குக் குடுக்கற மெட்டோகுளோபிரமைடு, வயித்துக்கே குடுக்கற லெவோசல்பிரைடு, மனநலத்துக்குக் குடுக்கற சில மாத்திரைங்க, இதெல்லாமும் அப்படித்தான். வீட்டுல இருக்கற அட்டைங்களை எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போயி டாக்டர் மேசை மேல கொட்டு. நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சேர்த்துக் காட்டு. மனநல மாத்திரையா இருந்தா நீயா நிறுத்திராத, அதை எழுதின டாக்டர்தான் மாத்தணும்.

முடி வளர்றதுக்குன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறியா? தைராய்டு டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திக்க. சில மெஷின்ல அது ரிசல்ட்டைத் தப்பாக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் நம்பரை மட்டும் பார்த்துப் பயப்படாத, பக்கத்துல எழுதியிருக்கற அளவையும் பாரு. ஒரு லேப்ல நானோகிராம்ல குடுப்பாங்க, இன்னொரு லேப்ல மில்லி யூனிட்ல குடுப்பாங்க. 25 நானோகிராம்னா அது 530 மில்லி யூனிட். ராசிபுரத்துல 40-ன்னு வந்தது சேலத்துல 600-ன்னு வந்துருச்சேன்னு அழுதுட்டு வந்தா, கணக்குப்படி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்! முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடு.

முட்டை வெடிச்சுதான்னு பார்க்கற புரோஜெஸ்டிரான் டெஸ்ட்டை எல்லாருக்கும் 21-ஆம் நாள்னு எழுதிக் குடுப்பாங்க. 28 நாள் கணக்கா வர்றவங்களுக்கு அது சரி. உனக்கு 35 நாளைக்கு ஒரு தடவைதான் தூரம்னா 28-ஆம் நாள்தான் பார்க்கணும். அடுத்த தூரத்துக்கு ஒரு வாரம் முன்னாடிங்கறதுதான் கணக்கு. இதைச் சொல்லாம 21-ல குடுத்துட்டு, முட்டையே வெடிக்கலன்னு ஒரு முத்திரையையும் வாங்கிட்டு வரக் கூடாது.

அப்புறம் ஒரு சங்கதி, வெளிய சொல்லக் கூச்சப்படறது. மார்ல பால் மாதிரி கசியுதா? ஜாக்கெட்டுல கறை படுதா? டாக்டர் கேக்கலன்னாலும் நீயே சொல்லு. நோய் பிடிபடறதுக்கு அது பெரிய துப்பு. இன்னும் வருதா வருதான்னு தினம் அமுக்கிப் பார்க்காத. அமுக்க அமுக்க இன்னும் சுரக்கும்.

தலைக்கு எம்.ஆர்.ஐ.ன்னா

புரோலாக்டின் நல்லா ஏறியிருந்தா பிட்யூட்டரியைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வாங்க. “மூளையில கட்டி”ன்னு யாராவது வாய் தவறிச் சொன்னா அன்னிக்கு வீடே எழவு வீடாயிரும். கேட்டுக்க: பிட்யூட்டரி பட்டாணி சைஸ்ல இருக்கும். அதுல வர்ற இந்தக் கட்டி பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் குறைவு, புத்துநோய் இல்ல, மாத்திரைக்கே சுருங்கிரும். ஆபரேஷன் வரைக்கும் போறவங்க கொஞ்சப் பேர்தான். விடாத தலைவலி, பக்கவாட்டுல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியாமப் போறது, இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தா மட்டும் நாள் பார்க்காம ஓடு.

படத்துக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கலாம். தைராய்டு ரொம்பக் குறைஞ்சிருந்தா அது ஒண்ணே புரோலாக்டினையும் ஏத்தி விடும். அப்படின்னா தைராய்டைச் சரி பண்ணினா மத்தது தானா இறங்கிரும், ரெண்டு மாத்திரை வேண்டியதில்ல. “டாக்டர், தைராய்டுனாலதான் இது ஏறியிருக்குமா? முதல்ல அதைப் பார்த்துட்டு அப்புறம் மறுபடி டெஸ்ட் பண்ணலாமா?”ன்னு கேளு. சரின்னு சொல்லலாம், இல்ல உன் அளவுக்கு அப்படிக் காத்திருக்க முடியாதுன்னும் சொல்லலாம். எதுவானாலும் காரணத்தோட பதில் வரும்.

மாத்திரை

தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அதுக்கப்புறம் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் காபி கிடையாது. உன் காபிப் பைத்தியம் எனக்குத் தெரியும், அதனாலதான் அழுத்திச் சொல்றேன். மாத்திரையைத் தலைமாட்டுல ஒரு சொம்புத் தண்ணியோட வெச்சுக்க. கண்ணு முழிச்சதும் போடு, அப்புறம் வாசல் தெளி, கோலம் போடு, பால் காய்ச்சு, நேரம் தானா ஓடிரும். இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி. எல்லாத்தையும் ஒண்ணா உள்ளங்கையில கொட்டி முழுங்கினா தைராய்டு மருந்து உடம்புல ஒட்டவே ஒட்டாது, டோஸ் பத்தலன்னு கூட்டிட்டே போவாங்க. மறுபடி டெஸ்ட் ஆறு முதல் எட்டு வாரம் கழிச்சு. அதுக்கு முன்னாடி எடுத்தா காசுக்குத்தான் கேடு. குழந்தைக்குப் பார்க்கறவங்களுக்குத் தைராய்டு டெஸ்ட்டுல வர்ற டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழ இருக்கணும்னு டாக்டர்கள் பார்ப்பாங்க. லேப் பேப்பர்ல நாலு வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கறதைப் பார்த்து நீயா மருந்தைக் குறைக்காத.

குச்சிக்கிழங்கைத் தொடவே கூடாதுன்னு உனக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. சுத்தியும் கிழங்குக் காடும் ஜவ்வரிசி மில்லுமா இருக்கற ஊர்ல அது ஆகற காரியமா? கிழங்குல இருக்கற ஒரு சத்து உடம்புல மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கறதைத் தடுக்கும்ங்கறது நெசந்தான். ஆனா அது பிரச்சினையாகறது அயோடின் பத்தாம, மூணு வேளையும் அதையே தின்னா. அயோடின் கலந்த பாக்கெட் உப்பைப் போடு, கிழங்கை நல்லா வேக வெச்சு எப்பவாச்சும் சாப்பிடு. உங்க மாமியார் கல்லுப்புதான் ருசின்னு வாங்கி வெச்சிருந்தா, அதுவும் அயோடின் கலந்ததான்னு கவரைப் பாரு.

புரோலாக்டினுக்குப் பெரும்பாலும் கேபர்கோலின் குடுப்பாங்க. ஒரு மாத்திரை விலையைக் கேட்டா மலைப்பா இருக்கும், ஆனா வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான். தினம் போட்டுராத! எந்தக் கிழமைன்னு முடிவு பண்ணி நாள்காட்டித் தாள்லயே பேனாவுல எழுதி வெச்சுரு. ராத்திரி சாப்பிட்டு, படுக்கப் போறப்ப போடு. முதல் சில தடவை குமட்டும், எழுந்தா தலை சுத்தும். ராத்திரி பாத்ரூம் போறப்ப கட்டில்ல ஒரு நிமிசம் உக்காந்துட்டு எழுந்திரு. நம்பிக்கையா இரு: 1994-ல 459 பெண்களை வெச்சுப் பண்ணின பெரிய ஆய்வுல, இந்த மருந்து சாப்பிட்டவங்கள்ல 83 சதவீதம் பேருக்குப் புரோலாக்டின் இயல்புக்கு வந்துச்சு. 72 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டை வெடிச்சுது, இல்ல கர்ப்பமே நின்னுச்சு. அதனால, வேற குறை இல்லாதப்ப எடுத்த எடுப்புல டெஸ்ட் டியூப் பேபின்னு யாராவது பேக்கேஜ் விலை சொன்னா, “மாத்திரைக்குக் கேக்குதான்னு பார்த்துட்டு முடிவு பண்றோங்க”ன்னு சொல்லிட்டு எழுந்து வா. வயசு 35-ஐத் தாண்டியிருந்தா மட்டும் ரொம்ப நாள் காத்திருக்காத.

மாத்திரை கவர்ல இருக்கற துண்டுச்சீட்டைப் படிச்சுட்டு ராத்திரி தூங்காம இருக்கற பொண்ணுங்க உண்டு. முட்டை வெடிக்க லெட்ரோசோல் எழுதினா, உள்ள ‘மார்பகப் புற்றுநோய்க்கு’ன்னு போட்டிருக்கும். அந்த நோய்க்கு வந்த மருந்துதான். இதுக்கும் நல்லா வேலை செய்யுதுன்னு இன்னிக்கு உலகம் பூராக் குடுக்கறாங்க. நம்ம நாட்டுல 2011-ல இதைக் குழந்தையின்மைக்குக் குடுக்கத் தடை போட்டு, 2017-ல தடையை எடுத்தாங்க. மெட்ஃபார்மினும் வேற நோய்க்கு வந்த மருந்துதான், சர்க்கரை இல்லாதவளுக்குச் சர்க்கரை மாத்திரை எதுக்குன்னு மெடிக்கல்காரரே கேப்பாரு. எழுதினவங்ககிட்டக் கேட்டுத் தெளிஞ்சுக்க, பாதியில நிறுத்தாத.

மாப்பிள்ளை

உனக்குக் காரணம் தெரிஞ்சதுனால அவரை விட்டுடக் கூடாது. குறை ரெண்டு பக்கமும் இருக்கறது சர்வ சாதாரணம். விந்து பரிசோதனை மலிவு, வலியில்ல, ஒரு மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மிகாம விலகி இருக்கணும், அவ்வளவுதான். ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு வீட்டுல யாராவது முறுக்கினா, டாக்டர் எழுதியிருக்காருன்னு சீட்டைக் காட்டு. நம்ம ஊர்ல சீட்டுக்கு இருக்கற மரியாதை வாய்ப்பேச்சுக்கு இல்ல.

அவர் லாரியில போறவர்னா அதைக் கட்டாயம் டாக்டர்கிட்டச் சொல்லு. லோடு ஏத்திட்டு வடக்க போனா திரும்பி வர எத்தனை நாளாகும்னு உனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. “எத்தனை வருசமா முயற்சி பண்றீங்க?”ன்னு கேட்டா நீ கல்யாணமான வருசத்தைக் கணக்குச் சொல்லுவ. அதுல மாசத்துக்கு எத்தனை நாள் சேர்ந்திருந்தீங்கங்கறதுதான் நெசமான கணக்கு. இப்ப மாத்திரை கேட்டு முட்டை வெடிக்க ஆரம்பிச்சபிறகு, முட்டை வளர்றதை ஸ்கேன்ல பார்க்கற ஃபாலிகுலர் ஸ்டடி பண்ணி நாள் குறிச்சுக் குடுப்பாங்க. அந்த ஒரு வாரம் அவர் குஜராத் பார்டர்ல நின்னா என்ன பிரயோசனம்? ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, அந்த மாசம் கிட்டத்துல லோடு கேக்கச் சொல்லு. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுல விசேஷம்னா போதும்.

ஒரம்பரைகிட்ட என்ன சொல்றது? வியாதிப் பேரை ஊருக்கெல்லாம் சொல்லாத. “தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறேன்”ன்னு மட்டும் சொன்னா, நாலு பேர்ல ஒருத்தர் “எனக்கும்தான்”னு சொல்லிட்டு அவங்க கதையை ஆரம்பிச்சிருவாங்க, நீ தப்பிச்ச. மாமியார்கிட்ட மட்டும் மாப்பிள்ளையே சொல்லட்டும், நீ இல்லாதப்ப, ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு. மருமக சொன்னா சாக்கு, மகன் சொன்னா வியாதி. வேற வழியில்ல, அப்படித்தான் இருக்கு.

பேப்பருங்களை ஒரு ஃபைல்ல தேதி வரிசையா வை. முதல் பக்கத்துல ஒரு வெள்ளைத்தாள்: தேதி, டி.எஸ்.எச்., புரோலாக்டின், எந்த லேப், அப்ப என்ன மாத்திரை, என்ன டோஸ். இந்த ஒரு தாள் இருந்தா எந்த டாக்டரும் அஞ்சு நிமிசத்துல உன் கதையைப் புரிஞ்சுக்குவாங்க. புதுசா ஒருத்தர்கிட்டப் போறப்ப மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுங்கன்னு சொல்றதும் குறையும். காசு கையைக் கடிச்சா நாமக்கல்ல 2022-லேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, சேலத்துல மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி இருக்கு. காலையில வெள்ளனே போயி ஓ.பி. சீட்டுப் போடு, இந்த ஃபைலைக் கொண்டுபோ. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்பவே ஆரம்பிக்கணுமான்னும் கேளு. கர்ப்பம் நிக்கறதுக்கு முன்னாடியே சாப்பிட வேண்டியது அது.

கடைசியா ஒண்ணு. கேபர்கோலின் ஆரம்பிச்சபிறகு, தூரம் திரும்ப வர்றதுக்கு முன்னாடியே முட்டை வெடிச்சுக் கர்ப்பம் நிக்கலாம். “எனக்குத்தான் தூரமே வரலையே”ன்னு இருந்துடாம, டாக்டர் சொன்ன இடைவெளியில கர்ப்பம் பார்க்கற கார்டு வாங்கிப் பாரு. ரெண்டு கோடு வந்தா அன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணு, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காத. தைராய்டு டோஸைக் கால் பங்கோ அதுக்கு மேலயோ கூட்ட வேண்டியிருக்கும், கேபர்கோலினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வாங்க. ரெண்டையும் நீயா செய்யாத, கேட்டுட்டுச் செய். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மாவைப் பார்த்துப் கர்ப்பத்தைப் பதிவு பண்ணி, அதுக்கான பிக்மி நம்பர் வாங்கு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல வர்ற உதவிக்கும் அந்த நம்பர்தான். பதியறப்பவே தைராய்டு மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லி, அட்டையில எழுத வை.